முகமும் முகமனும்



'முகம் கொடுத்துப் பேசாதவர்' என்று ஒருவரைச் சொன்னால், அவருடைய குணத்தையே குறை கூறியதாக நம் மொழியில் பொருள்படும். எதிர்கொண்டு வரவேற்கும் சொல்லையும் 'முகமன்' என்றே வழங்குகிறோம். முகத்தோடு பண்பும் இவ்வாறு பின்னிக் கிடப்பதால், சிற்றுண்டிச்சாலையில் எதிர்ப்பட்ட ஆசிரியரை வணங்காமல் கடந்து செல்லும் மாணவனைப் பணிவற்றவன் என்று நொடியில் முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு எப்போதும் சரிதானா என்பதே இன்றைய உரையின் வினா.

இரண்டாம் உலகப் போரில் தலையில் காயமுற்ற சிலரை ஆராய்ந்த ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் யோவாக்கிம் போடாமர், 1947ஆம் ஆண்டில் ஒரு வியப்பான குறையைப் பதிவு செய்தார். குண்டடிபட்ட ஓர் இளம் போர்வீரர் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைத் தனித்தனியே கண்டு கூறினார். ஆயினும் அம்முகம் யாருடையது என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த தம் முகமும் அவருக்கு அயல் முகமாகவே இருந்தது. குரல் கேட்டால் ஆளை அறிந்துகொள்வார். இக்குறைக்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு புரோசோபக்னோசியா என்று போடாமர் பெயரிட்டார். நாம் இதனை முகமறியாமை எனலாம்.

உறுப்புகள் தெரிந்தும் ஆள் தெரியாமல் போவது எங்ஙனம்? உறுப்புகளின் பட்டியலாக மட்டும் மூளை முகத்தைக் காண்பதில்லை. அவற்றின் இடைவெளியும் அமைப்பும் சேர்ந்த ஒரு முழுமையாகவே அதனைப் பற்றிக்கொள்கிறது. பீட்டர் தாம்சன் என்னும் ஆய்வாளர் 1980ஆம் ஆண்டில் இதனை எளிய முறையில் காட்டினார். மார்கரெட் தாட்சரின் நிழற்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரிய மாற்றம் எதுவும் தோன்றாது. நிமிர்த்தினாலோ காணச் சகியாத கோரம்! கவிழ்ந்த முகத்தில் நம் முழுமைப் பார்வை செயலிழந்துவிடுவதே காரணம். மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தங்கையின் படத்தை வெட்டுமுன் அவளிடம் கேட்டுக்கொள்வது நலம்.

மூளையின் அடிப்புறத்தில், நூற்கும் கதிரின் வடிவத்தை ஒத்த ஒரு மடிப்பு உண்டு. அதில் ஒரு சிறு பகுதி, வீடு முதலிய பொருள்களைக் காண்பதைவிட முகத்தைக் காணும்போது மிகுதியாகச் செயல்படுவதை நான்சி கன்விஷரும் அவர்தம் குழுவினரும் 1997ஆம் ஆண்டில் காந்த அலை வரைவின் வழி கண்டனர். வலப்பக்கத்தில் இது பெரும்பாலும் வலுவாக இருக்கும். அப்பகுதி முகத்திற்கென்றே பிறவியில் அமைந்ததா, பழக்கத்தால் தேர்ந்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆசிரியர்களுக்கு இன்றியமையாத செய்தி இனித்தான் வருகிறது. மூளையில் எவ்விதக் காயமும் இன்றிப் பிறவியிலேயே முகமறியாமை உடையோர் உளர். நூற்றுக்கு இருவர் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. இது கண்பார்வைக் குறையன்று, மறதியன்று, அறிவுக் குறைவும் அன்று. புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் இக்குறை உடையவராக இருந்தார். தாடி வைத்த ஒருவர்மீது மோத இருந்ததாக எண்ணி மன்னிப்புக் கேட்டபின், அது கண்ணாடியில் தெரிந்த தம் உருவமே என்று உணர்ந்ததை அவரே எழுதியுள்ளார்.

இத்தகைய பிள்ளைகள் குரல், நடை, முடி, மூக்குக்கண்ணாடி, உடை ஆகியவற்றைக் கொண்டே ஆளை இனங்காண்கின்றனர். பிறரும் அவ்வாறே காண்கின்றனர் என்று நம்புவதால் முறையிடுவதும் இல்லை. நம் பள்ளிகளிலோ எல்லாருக்கும் ஒரே சீருடை. ஒரே அளவு கத்தரித்த முடி. காலைச் சபைகூடலில் தம் வகுப்பு வரிசையைத் தேடி அலையும் பிள்ளைக்கு நாம் துணைக்கு வந்த அடையாளங்களையும் பறித்துவிடுகிறோம். சீருடை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அப்பிள்ளையைக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்புமுன், தோழர்களைக் குரலால் அறிகிறானா முகத்தால் அறிகிறானா என்று சில நாள் உற்றுநோக்கலாம். ஐயம் வலுத்தால் பெற்றோரிடம் பேசி, உளவியல் வல்லுநரை நாடச் செய்யலாம். இருக்கை வரிசையை அடிக்கடி மாற்றாதிருக்கலாம். மாணவர் அணியும் பெயர் வில்லையை ஆசிரியரும், எட்ட நின்றாலும் படிக்கக்கூடிய எழுத்தில், அணியலாம். சந்தையிலோ கோவிலிலோ எதிர்ப்பட்டால், அவன் வணங்கட்டும் என்று காத்திராமல், பெயரைச் சொல்லி நாமே முதலில் குரல் கொடுக்கலாம்.