ஒளி கொண்டு இலத்திரனை அளத்தல்



அச்சுவேலித் தோட்டக் கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு கீழே உள்ளது என்று அறிய, இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. வாளிக் கயிற்றின் முழு நீளத்திலிருந்து கையில் மிஞ்சியதைக் கழித்தாற் போதும்.

திண்மப் பொருளினுள் இலத்திரன் இருக்கும் ஆழத்தைப் பௌதிக அறிஞர் அளப்பதும் இக்கழித்தற் கணக்கினாலேயே. ஒளி தன் சக்தியைத் துணுக்குத் துணுக்காகவே வழங்குகிறது என்று 1905 இல் ஐன்ஸ்ரைன் உரைத்தார். ஒரு துணுக்கைப் பெற்ற இலத்திரன் வெளியே பாய்கிறது. கொடுத்த சக்தியிலிருந்து, அது கொண்டுவந்த சக்தியைக் கழித்தால், உள்ளே எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தது என்பது புலனாகும். வெளிவரும் கோணத்தையும் அளந்தால், பளிங்கினுள் அது இயங்கிய திசையும் தெரியவரும்.

இவ்வளவு பாடு எதற்கு? நிக்கல் ஒட்சைட்டை எடுத்துக்கொள்வோம். இலத்திரன்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் உலவுகின்றன என்னும் பழைய கணக்கின்படி, அது மின்னைக் கடத்துதல் வேண்டும். ஆனால் அது காவலி. 1937 இல் எடுத்துக்காட்டப்பட்ட இம்முரணுக்கு, இலத்திரன்கள் தம்முள் விலக்கிக்கொள்வதே காரணம் என்று பின்னர் மொற் விளக்கினார்.

இருவர் அமரத்தக்க வாங்குகள் நிறைந்த மண்டபம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வந்தவர் யாவரும் தம்முட் பிணக்குடையோர்; வாங்குக்கு ஒருவராக அமர்ந்துவிட்டனர். பாதி இடம் வெறுமையாக இருந்தும் எவரும் நகரார். நகர்ந்தால் பிணங்கியவர் அருகில் அமர நேரும். மொற் காவலியின் சாரம் இதுவே. நிக்கல் ஒட்சைட்டில் இலத்திரன் நகர்வதற்குரிய விலையை, 1984 இல் சவாற்ஸ்கியும் அலனும் இலத்திரனை வெளியேற்றியும் புகுத்தியும் அளந்தனர். அது ஏறத்தாழ 4.3 இலத்திரன்வோற்று, கண்ணுக்குப் புலனாகும் எந்த ஒளித்துணுக்கின் சக்தியினும் அதிகம்.

சில வாங்குகள் காலியானால் என்னவாகும்? செம்பு ஒட்சைட்டுச் சேர்மங்களில் அவ்வாறு சில இலத்திரன்களை அகற்றியபோது, தடையின்றி மின் பாயும் மீகடத்தல் தோன்றியது. 1986 இல் காணப்பட்ட இதற்கு மொற் காவலியே பிறப்பிடம் என்று மறு ஆண்டில் அன்டர்சன் கூறினார். அவரோடு அக்கொள்கையை வளர்த்தவர்களுள் ஒருவர், தமிழகத்துப் பௌதிக அறிஞர் கணபதி பாஸ்கரன்.

மீகடத்தியில் இலத்திரன்கள் இணை இணையாகச் செல்கின்றன. 1993 இல் ஸ்ரான்போட் ஆய்வாளர் ஒளி பாய்ச்சி அளந்தபோது, அவ்விணைப்பு ஒரு திசையில் வலிதாகவும் மற்றொரு திசையில் மிக நலிந்தும் இருக்கக் கண்டனர். ஈயம் முதலிய பழைய மீகடத்திகளில் இத்தகைய வேறுபாடு இல்லை. ஆகவே, இங்கே இலத்திரன்களை இணைப்பது வேறொரு காரணமாதல் வேண்டும். அது யாது என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை.

மின்னிலையத்திலிருந்து நம் தோட்டத்து நீர்ப்பம்பி வரை வரும் மின்னில் ஒரு பங்கு, வழியிலேயே வெப்பமாகி வீணாகிறது. இன்றைய மீகடத்திகளோ கடுங்குளிரில் மட்டுமே பயன் தருவன. குளிரூட்டாமலே இயங்கும் ஒன்றைத் தேடுவோருக்கு, செம்பு ஒட்சைட்டில் இலத்திரன்கள் இணைவதன் காரணம் முதலில் தெரிதல் வேண்டும். அதற்குச் சான்று கூறத்தக்க இலத்திரனை வெளியே அழைத்து விசாரிக்கும் வழிகளுள் தலையாயது இந்த ஒளியளவையே.