மண் சுவருக்கு மருந்து

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது முதுமொழி. அச்சுவர் மண் சுவராயின் அதனைக் காப்பது எங்ஙனம்? பழைய கோயிற் சுவரில் மண் பூச்சு உதிர்வதைக் கண்டதும், எதையாவது பூசி இறுக்கிவிட நமது இளைஞர் முன்வருவர். ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும் மருந்தறியாது வைத்தியம் செய்யலாகாது.

அஜந்தாச் சித்திரங்கள் மண் பூச்சின் மேல் தீட்டப்பட்டவை. 1920ஆம் ஆண்டளவில் ஐதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்னும் நிபுணர் இருவரை அழைத்தது. கழன்ற பூச்சை அவர்கள் சுவரோடு பொருந்தச் செய்தது நற்பணியே. ஆனால் மேலே பூசிய அரக்கு மெருகு நாளடைவில் பழுப்பேறிச் சித்திரங்களை மங்கச் செய்தது. அதனை அகற்றப் பின்வந்த இரசாயன அறிஞர் பல்லாண்டு பாடுபட்டனர்.

நமது சிகிரியாவிலும் மண்ணும் உமியும் நாரும் கலந்த பூச்சே அடித்தளம். 1967 ஒக்டோபரில் தீயோர் அச்சித்திரங்கள் மேல் பச்சை வர்ணத்தை வீசினர். ரோமிலிருந்து வந்த லூசியானோ மரான்சி என்பார் நம் நாட்டாரோடு சேர்ந்து பொறுமையாகச் சீர்செய்தார்.

இன்று அக்ரிலிக் பிசின், எதில் சிலிக்கேற் முதலியன வழங்குகின்றன. பிசின் அளவு மிஞ்சினால் மேலே தோல் போற் படியும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. உப்பு அதன் பின்னே பூத்துத் தோலோடு மண்ணையும் உரித்துவிடும். சிலிக்கேற்றோ ஈரத்தோடு சேர்ந்து மண் துகள்களிடையே சிலிக்காவாகப் படிந்து பிணைக்கும். காற்றுப் போகும் வழி பெரும்பாலும் அடைபடாது. ஆனால் உட்சென்றதை மீண்டும் எடுக்க முடியாது.

ஆகவே சோதனையே முதற்கடமை. அதே மண்ணில் சிறு கட்டிகள் செய்யுங்கள். ஒன்றை வெறுமனே விட்டு, மற்றவற்றில் மருந்தை வெவ்வேறு அளவில் ஊட்டுங்கள். நன்கு உலர்ந்தபின் நீர்த்துளி விட்டுப் பாருங்கள். தூரிகையால் தேய்த்து உதிர்ந்ததை நிறுத்துப் பாருங்கள். நிறம் மாறியதா என ஒப்பிடுங்கள். பன்முறை நனைத்து உலர்த்துங்கள். தேறியதைச் சுவரின் ஒரு மூலையில் மட்டும் பூசி, ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள்.

அதற்கு முன் கூரையின் ஒழுக்கை அடையுங்கள். சுவரடியில் நீர் தேங்காது கான் வெட்டுங்கள். நீர் புகும் சுவரை எம்மருந்தும் காவாது. இவ்வேலைக்குப் பணம் வேண்டியதில்லை. நமது வாலிபரின் கைகளே போதும்.