ஐயமும் வாய்மையும்

(உத்தம சத்தியம் குறித்த உரை)



பத்து அறங்களுள் ஒன்றான உத்தம சத்தியத்தைப் போற்றும்போது, பொய் கூறாதிருத்தல் பற்றியே பெரும்பாலும் பேசப்படுகிறது. பிறர் ஒருவர் பொய்யரோ என்னும் ஐயம் எழும்போது சாவகன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இக்காலத்தில் அவ்வினா ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் நிற்கிறது.

சொந்த ஊரில் ஒருவரை அறிய அவர் தந்தையின் பெயர் போதும். கும்மிடிப்பூண்டி, காக்களூர், திருமழிசை போன்ற தொழிற்பேட்டைகளைச் சூழ்ந்து வாழ்வோருக்கு அண்டை வீட்டாரும் புதியவர். உறவும் செய்தியும் வாட்ஸ்அப் குழுக்களின் வழியே வருகின்றன. அங்கே ஒரு பெயரும் ஒரு நிழற்படமுமே ஆளாகி நிற்கின்றன. ஜினாலயத் திருப்பணிக்கு நன்கொடை கேட்பவர், முனிவர் சங்கத்தின் பெயரைச் சொல்பவர், வரன் தேடி வருபவர், வேலை வாங்கித் தருவதாக உரைப்பவர் ஆகியோருள் மெய்யானவர் எவர், வேடம் பூண்டவர் எவர் என்று அறிவது எளிதன்று.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சத்திய அணுவிரதத்துக்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். பழி தூற்றுதல், மறைவானதை வெளிப்படுத்துதல், புறங்கூறுதல், பொய்யாவணம் புனைதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல் என்பன அவை. பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கிப் பணம் பறிப்பவன் இறுதி இரண்டு குற்றங்களையும் செய்கிறான். அவனைப் பற்றிய ஐயத்தை ஆராயாமல் நூறு பேருக்கு அனுப்புபவர் எவற்றைச் செய்கிறார்? முதல் மூன்றையும் அல்லவா! பொய்யனைப் பிடிக்கப் புறப்பட்டவரும் விரதத்தை இழக்கக் கூடும் என்பதே இதில் அடங்கிய எச்சரிக்கை.

அவ்வாறு இழந்தால் விளைவது என்ன என்பதைத் திருவள்ளூர் மாவட்டம் கண்டிருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பழவேற்காட்டில் ஒருவர் அந்த ஐயத்தின் பேரில் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற முதிய பெண்மணி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே குற்றமாகி அவர் உயிர் போயிற்று. நாடெங்கும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே வேளையில் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. செய்தியை அனுப்பியோர் பலரும் பிள்ளைகளைக் காக்கவே விரும்பினர். வாய்மையைக் காப்பதாக எண்ணியவர் கொல்லாமையை இழந்தனர்.

2023 மார்ச்சில் வேறொரு பொய் எழுந்தது. வேறிடங்களில் நிகழ்ந்தவற்றின் காணொளிகள், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படும் காட்சிகள் என்று பரப்பப்பட்டன. அவை பொய் எனத் தமிழ்நாடு காவல்துறை அறிவித்து வழக்குகள் பதிந்தது; பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. ஒரு மனிதர் வேடம் பூணுவது போலவே ஒரு காட்சியும் வேடம் பூணும் என்பதற்கு அது சான்று.

அவ்வாறாயின் ஐயத்தை எவ்வாறு ஆராய்வது? வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணத்தில் இதற்கு வழி இருக்கிறது. சத்தியகோஷன் என்று உலகம் புகழ்ந்த அமைச்சன் சிரீபூதியிடம், பத்திரமித்திரன் என்னும் வணிகன் மணிகளை அடைக்கலமாக வைத்தான். திரும்பக் கேட்டபோது அமைச்சன் இல்லையென்றான். வணிகன் நாள்தோறும் மரத்தின்மேல் ஏறி முறையிட்டான். ஊரார் பித்தன் என்றனர். அரசி இராமதத்தை மட்டும், பித்தனாயின் நாள்தோறும் மாறாத சொல் சொல்வானோ என்று எண்ணினாள். ஆயினும் அவள் அமைச்சனைச் சபையில் இகழவில்லை. சூதாடி அவனுடைய முத்திரை மோதிரத்தையும் பூணூலையும் வென்றாள். அவற்றை அடையாளமாகத் தோழியிடம் கொடுத்தனுப்பி மணிச்செப்பை வரவழைத்தாள். அதன்பின்னும் தீர்ப்பு வரவில்லை. மன்னன் சிம்மசேனன் அம்மணிகளைத் தன் மணிகளோடு கலந்து வைத்து, வணிகனை அழைத்தான். அவன் தன் மணிகளை மட்டுமே எடுத்துக்கொண்டான். குற்றஞ் சாட்டப்பட்டவனும் ஆராயப்பட்டான். குற்றஞ் சாட்டியவனும் ஆராயப்பட்டான்.

இக்கதையில் மற்றொரு பாடமும் உண்டு. செப்பைக் காத்தவர் மோதிரத்தைக் கண்டனர், அனுப்பியவரைக் காணவில்லை. இன்று அறிந்தவரின் படமும் பெயரும் தாங்கிவரும் செய்தியும் அம்மோதிரம் போன்றதே. அவரது பழைய எண்ணில் அழைத்துக் குரல் கேட்டபின், அல்லது ஆலய அறங்காவலரிடமே வினவியபின், பணம் அனுப்புவதே முறை.

பொய் வெளிப்பட்டபின் செய்வது என்ன? நற்காட்சியின் அங்கமாகிய உபகூகனத்துக்கு ஜினேந்திரபக்தன் கதை எடுத்துக்காட்டு. துறவி வேடத்தில் வந்து சைத்தியாலயத்து வைடூரியத்தைத் திருடி ஓடிய கள்வனைக் காவலர் துரத்தியபோது, தானே கொண்டுவரச் சொன்னதாக அவ்வணிகன் கூறினான். பின்னர்த் தனிமையில் கடிந்து அவனை வெளியேற்றினான். திருடனின் பொருட்டு அறத்துக்குப் பழி வரலாகாது என்பதே அவன் கருத்து. ஆயினும் அங்கே இழந்ததும் மீண்டதும் அவன் பொறுப்பிலிருந்த பொருள். பிறருடைய சேமிப்பு பறிபோன இடத்தில், சமுதாயத்தின் பெயர் கெடும் என்று வாய்மூடியிருப்பது உபகூகனம் ஆகாது. அது அடுத்தவரையும் கள்வனிடம் ஒப்படைப்பதாகும்.

ஆதலால் ஐயம் எழுந்த இடத்தில் தனியே வினவுதல் முதற்கடமை. குழுவை நடத்துவோர், புதியவர் எவரையும் அறிந்த குடும்பம் ஒன்றின் வழியே சேர்ப்பது நன்று. பணம் பறிபோயிருப்பின் காலந் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். விரைந்து தெரிவித்தால் வங்கியில் அப்பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. கணினி, கைப்பேசி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. தண்டனை சட்டத்தின் பணி. குழுவில் ஒருவர் படத்தை இட்டுத் தூற்றுவது எவருடைய பணியும் அன்று.

இறுதியாக ஒன்று. ஐயம் தவறென்று தெரிந்தால், எந்த அவையில் அது பேசப்பட்டதோ அந்த அவையிலேயே அதை மறுத்துரைத்தல் வேண்டும். பிழையை உணர்ந்து மீளும் பிரதிக்கிரமணம் சாவகர் அறிந்த ஒழுக்கம். தூற்றப்பட்டவரின் நற்பெயரை மீட்டுத் தருவதிலேதான் அது நிறைவு பெறும்.

வாய்மை வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!