ரோட்டைத் தோண்டினவருக்கு யார் ஜாமீன்?

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுலதான் எங்க ஊர். ராத்திரி கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி, விடிகாலையில வீட்டுக்குப் போனா, அத்தையோட வலது கையில மாவுக்கட்டு.

ஆனி மாசம் எங்க தெருவுல குழாய் போடத் தோண்டி மூடியிருக்காங்க. ஐப்பசி மழையில அந்த இடம் ஒரு சாண் உள்ள இறங்கிடுச்சு. தண்ணி நின்னதால பள்ளம் தெரியல, ஸ்கூட்டி சாஞ்சிடுச்சு. "தோண்டினவன் மூடிட்டுப் போயிட்டான், இப்ப யாரைப் போய்க் கேக்குறது?"ன்னாங்க அத்தை. அந்தக் கேள்விதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல, ஏன் இறங்குது? எங்க பக்கம் நிறைய இடத்துல கரிசல் மண். நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். பள்ளத்தை அடுக்கு அடுக்கா மூடி, ஒவ்வொரு அடுக்கையும் இடிச்சுக் கெட்டிப்படுத்தணும். மொத்தமா மண்ணைத் தள்ளி மேல தார் போட்டாலும் அன்னைக்குச் சமமாத்தான் தெரியும். அரியலூர் பக்கம் போனா, அது மேல சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் வேற ஓடும்.

அதுக்குத்தான் ஜாமீன். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 126ஆவது பிரிவு இதைச் சொல்லுது. மூணு பேர்: வேலை செய்றவர், வேலை வாங்குறவர், "இவர் தவறினா நான் பொறுப்பு"ன்னு நிக்கிற ஜாமீன்தாரர். கேபிள் பதிக்கிற கம்பெனிகளுக்காக 2016ல வந்த மத்திய அரசு விதிகளும் இதையே சொன்னுச்சு: ரோட்டைச் சரிபண்ற செலவைக் கட்டு, இல்ல நானே சரிபண்றேன்னா பேங்க் கேரண்டி கொடு.

ஆனா கேரண்டி சும்மா வராது. பேங்க் பொதுவா டெபாசிட் கேக்கும், ஒப்பந்ததாரரோட பணம் அதுல முடங்கும். மத்திய அரசு வேலைகளுக்கு 5 முதல் 10 சதவீதம்னு இருந்த ஈட்டுத்தொகையை, கொரோனா நெருக்கடியில, 2020 நவம்பர்ல 3 சதவீதமாக் குறைச்சாங்க. 2022ல இன்னொரு வழி திறந்தது: இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கிற ஷ்யூரிட்டி பாண்ட். பிரீமியம் கட்டினா கம்பெனி ஜாமீன் நிக்கும். அதனால முந்தைய வேலையெல்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு அது துருவிப் பார்க்கும். வேலை கெட்டுப்போய் அது பணம் கட்டினா, ஒப்பந்ததாரர்கிட்ட இருந்து திரும்ப வசூல் பண்ணிடும். அமெரிக்காவுல மத்திய அரசு கட்டுமானங்களுக்கு 1935லயே இதைக் கட்டாயமாக்கிட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரொக்கமோ கேரண்டியோ பாண்டோ, எல்லாத்துக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதிக்குள்ள கேக்கலைன்னா அது வெறும் பேப்பர். ஆனியில மூடின பள்ளத்துக்கு முதல் பரீட்சையே ஐப்பசி மழைதான். புரட்டாசியிலயே டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துட்டா, பரீட்சைக்கு முன்னாடியே பாஸ் போட்ட மாதிரி. நம்ம பாஷையில சொன்னா, சர்வருக்கு லோடு வர்றதுக்கு முன்னாடியே டிக்கெட்டை க்ளோஸ் பண்றது. ஒப்பந்ததாரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்ல. ஒரு மழைக்காலமாவது தாண்டி, ஒருத்தர் நேர்ல வந்து பார்த்த பிறகுதான் அந்தப் பணம் திரும்பிப் போகணும். தொகை எவ்வளவுங்கிறதை விட இது முக்கியம்.

நாம என்ன பண்ணலாம்? தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். உள்ளூர்த் தெருன்னா நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. மாநில நெடுஞ்சாலைன்னா நெடுஞ்சாலைத் துறை. நாலே கேள்வி கேளுங்க: தோண்ட அனுமதி யாருக்கு? ஜாமீன் தொகை எவ்வளவு? எந்தத் தேதி வரைக்கும்? திருப்பிக் கொடுத்தாச்சுன்னா, இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார்? கூடவே தேதியோட ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அத்தை பேர்ல மனுவை நான்தான் எழுதினேன். கட்டு இருந்ததால இடது கையால கையெழுத்துப் போட்டாங்க. "இது என் கையெழுத்துன்னு ஒத்துக்குவாங்களாடா?"ன்னு சிரிச்சாங்க. பதில் சொல்ல 30 நாள் கெடு, இன்னும் 11 நாள் பாக்கி. வந்ததும் உங்களுக்குச் சொல்றேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.