சாப்பிட மறுக்கும் பிள்ளை: அடமா, அச்சமா?

(ஆசிரியர் பயிற்சி முகாமில் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊட்டச்சத்து பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 1982 முதல் மதியச் சத்துணவு, 2022 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு என்று பிள்ளைகளின் தட்டை நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் நீங்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்பது அதன் அப்பாவைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த விஷயத்தை உங்களிடம் பேச வந்தேன். தட்டில் சோறு இருக்கிறது, வயிற்றில் பசியும் இருக்கிறது, ஆனாலும் பிள்ளை சாப்பிடவில்லை. ஏன்?

பெற்றோர் என்னிடம் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: அடம், செல்லம், கடைத்தீனி. பல பிள்ளைகளுக்கு இவை பொருந்தவும் செய்யும். சிலருக்குச் சொத்தைப் பல், குடற்புழு, ரத்தசோகை என்று உடம்பிலேயே காரணம் இருக்கும். அதை முதலில் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். சமைத்தவர் யார் என்று விசாரித்து, 'பள்ளிக்கூடத்தில் சாப்பிடாதே' என்று வீட்டில் சொல்லி அனுப்பும் கொடுமையும் உண்டு. அது பிள்ளையின் நோயல்ல, பெரியவர்களின் நோய். இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் சிலர் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு உணவைக் கண்டால் பயம்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறித் துண்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது. பாட்டி முதுகில் தட்ட, வெளியே வந்துவிட்டது. அரை நிமிட விவகாரம். மறுநாள் கறி வேண்டாம் என்றான். அடுத்த வாரம் சப்பாத்தியை விட்டான், பிறகு சோற்றை. இரண்டு மாதத்தில் பால், கஞ்சி, பாலில் ஊறிய பிஸ்கட் என்று வந்து நின்றது. நாலு கிலோ குறைந்துவிட்டான். வீட்டில் தொக்கம் எடுக்க அழைத்துப் போனார்கள். அங்கே எதையோ எடுத்தும் காட்டினார்கள். பிறகு தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். அதிலிருந்துதான் அவனுக்கு உண்மையான கஷ்டம் தொடங்கியது. 'டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், இனி என்னடா?' என்று அடி விழ ஆரம்பித்தது. சத்துணவுச் சோற்றை அவன் தினமும் வேப்பமரத்தடியில் காக்கைக்குப் போடுவதைக் கவனித்து, அம்மாவை அழைத்துப் பேசி, எங்களிடம் அனுப்பி வைத்தவர் அவனுடைய வகுப்பு டீச்சர்.

அவன் பொய் சொல்லவில்லை. பயந்த நேரத்தில் நம் எல்லோருக்கும் வாய் உலர்கிறது, தொண்டை இறுகுகிறது. சற்றுமுன் இந்த மேடையில் ஏறியபோது எனக்கும் எச்சில் விழுங்கச் சிரமமாகத்தான் இருந்தது. அந்த நிலையில் சோற்றை வாயில் வைத்தால் அது சிக்குவதுபோலவே தோன்றும். 'பார், மறுபடி சிக்குகிறது' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தட்டைத் தள்ளிவிட்டால் உடனே ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்கு உரம். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் பயம் ஒரு விரல் உயரம் வளர்கிறது. கறியில் தொடங்கியது சோறு வரைக்கும் வந்த கதை இதுதான்.

தொண்டையில் சிக்கும் என்ற பயம் ஒரு வகை. சாப்பிட்டால் வாந்தி வரும், வகுப்பில் எல்லோர் முன்னாலும் எடுத்துவிடுவோம் என்ற பயம் இன்னொரு வகை. சாப்பாட்டில் பல்லி விழுந்தது என்று எங்கோ ஒரு பள்ளியில் நடந்த செய்தி பரவினால், நம் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் மாதக்கணக்கில் சோற்றைக் கிளறிக் கிளறிப் பார்ப்பார்கள். அவர்களைக் கேலி செய்யாமல், ஒரு நாள் சமையற்கூடத்துக்கு அழைத்துப் போய் அரிசி களைவதிலிருந்து மூடி வைப்பது வரை காட்டுங்கள். நூறு சமாதானத்தைவிட அது நன்றாக வேலை செய்யும். வேறு சில பிள்ளைகளுக்கு மணமும் வழவழப்புமே தாங்காது. அவித்த முட்டையின் வாசம் நமக்கு ஒன்றுமில்லை, அந்தப் பிள்ளைக்குக் குமட்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். இத்தகைய பயத்தாலும் ஒவ்வாத உணர்வாலும் உடல் வாடும் அளவுக்குச் சாப்பாடு குறைவதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தது. சுருக்கமாக 'ஆர்ஃபிட்' என்பார்கள். உடல் மெலிய வேண்டும் என்ற ஆசை இதில் கிடையாது.

இவர்களை வற்புறுத்தினால் என்ன ஆகும்? சிறுவயதில் ஒரு பெரியவரின் கட்டாயத்தால் பிடிக்காத ஒன்றைச் சாப்பிட நேர்ந்தவர்களிடம் அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். 2002இல் வெளியான ஆய்வு. கல்லூரி வயதில் இருந்த அவர்களில் பெரும்பான்மையோர் இப்போதும் அந்த உணவை விரும்பித் தொடுவதில்லை என்றார்கள். 'முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும்' என்று உட்கார வைப்பது, வாயில் ஊட்டித் திணிப்பது, 'இவன் மட்டும்தான் மிச்சம் வைக்கிறான்' என்று வரிசைக்கே அறிவிப்பது எல்லாம் அன்பினால் செய்வதுதான், தெரியும். ஆனால் அந்தத் தட்டின் மீது இருக்கும் பயத்தோடு உங்கள் மீதான பயமும் சேர்ந்துகொள்ளும். பாராட்டுகூட அளவோடு இருக்கட்டும். ஒரு வாய் சாப்பிட்டதற்கு வகுப்பே கைதட்டினால், மறுநாள் இரண்டு வாய் சாப்பிட வேண்டுமே என்று அந்தப் பிள்ளை பயப்படும்.

அந்தப் பையனுக்கு நாங்கள் செய்தது மிகச் சாதாரண வேலை. அவன் பயப்படும் உணவுகளை அவனையே வரிசைப்படுத்தச் சொன்னோம். கடைசி இடத்தில் குழைந்த ரசம்சாதம், முதலிடத்தில் கோழிக்கறி. கடைசியிலிருந்து தொடங்கினோம். அரைக் கரண்டி, நன்றாக மென்று, பயம் இறங்கும்வரை காத்திருந்து, அடுத்த அரைக் கரண்டி. ஒரு படி பழகிய பிறகுதான் அடுத்த படி. இந்தப் படிகளை வகுப்பது மருத்துவர், உளவியலாளர் வேலை. அதை நீங்கள் சுமக்க வேண்டாம். பள்ளியில் டீச்சர் செய்தது இவ்வளவுதான்: சிரித்துப் பேசும் இரண்டு நண்பர்கள் நடுவே அவனை உட்கார வைத்தார், கொஞ்சமாகப் பரிமாறச் சொன்னார், தட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோழிக்கறிக்கு வந்து சேர ஐந்து மாதம் ஆனது.

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் பார்ப்பது வேறொரு பயம். சாப்பிட்டால் குண்டாகிவிடுவேன் என்ற பயம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் வியாதி என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுக்கும் பழக்கம் அப்போது ஆய்வில் கலந்துகொண்ட பள்ளி மாணவிகள் எவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டு கழித்து 1998இல் கேட்டபோது 11.3 விழுக்காடு மாணவியர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் நல்ல பருமனான உடலை அழகு என்று கொண்டாடிய ஊர் அது. நம் பிள்ளைகள் கையில் இருப்பதோ செல்பேசி.

இந்தப் பிள்ளைகளிடம் நம்மை ஏமாற்றிவிடும் ஓர் அடையாளம் உண்டு. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் ஓர் ஆய்வுக்காகத் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நாள் செல்லச் செல்ல அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தவர்கள் உண்டு. பட்டினி மனத்தை அப்படி ஆக்கிவிடும். ஆகவே ஒரு மாணவி ஓயாமல் சமையல் வீடியோ பார்க்கிறாள், வீட்டில் எல்லோருக்கும் பலகாரம் செய்கிறாள், தன் டிபன் பாக்ஸை மட்டும் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள் என்றால், 'சாப்பாட்டு ஆசை இருக்கிறதே' என்று நிம்மதி அடையாதீர்கள். சாப்பிட்டதும் கழிவறைக்குப் போவது, வெயில் காலத்தில் குளிர்கிறது என்பது, மாதவிடாய் நின்றுபோவது, காலை வழிபாட்டில் மயங்கி விழுவது எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். அங்கே அது 'ஜிம்', 'சிக்ஸ் பேக்' என்ற பெயரில் வருவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

உடனே மாற்றக்கூடிய ஒன்று உயரம், எடை பார்க்கும் நாள். ஒரு மாணவன் எடைக் கருவியைப் பார்த்து உரக்கப் படிப்பான், இன்னொருவன் எழுதுவான், வகுப்பு முழுவதும் கேட்கும். 'அறுபத்தெட்டு!' என்றதும் ஒரு சிரிப்பு எழும். பட்டினியைத் தொடங்கிய நாள் எது என்று நான் கேட்டால், அந்தச் சிரிப்பைச் சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு திரை, ஒரு ஆசிரியர், ஒரு பதிவேடு போதும். எமிஸில் பதிவு செய்வதற்கு எண் தேவை, சத்தம் தேவையில்லை.

சந்தேகம் வந்தால் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். 'ஏன் சாப்பிடுவதில்லை?' என்பது விசாரணை. 'கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு நேரம் உனக்குக் கஷ்டமாக இருப்பதுபோல் தெரிகிறது. எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். மெலிந்ததையோ பருத்ததையோ பேசாதீர்கள். பெற்றோரிடம் சொல்லும்போது வாசலில் நிற்க வைத்துச் சொல்லாமல் உட்கார வைத்துச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும், ஆசிரியர்களும் அழைக்கலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தண்ணீரும் இறங்காத நிலை என்றால் தொலைபேசி வேண்டாம், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய நோய் இது.

தேநீர் இடைவேளையில் தலைமை ஆசிரியர் ஒருவர் கேட்டார்: 'சார், முட்டையை வற்புறுத்தாதே என்கிறீர்கள். சாப்பிடாமல் திரும்பும் முட்டைக்கு நான் என்ன கணக்கு எழுதுவது?' நியாயமான கேள்வி. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்க நம் திட்டத்திலேயே இடமிருக்கிறது. குமட்டும் பிள்ளையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று சத்துணவு அமைப்பாளருடன் பேசிப் பாருங்கள். பக்கத்துப் பிள்ளையின் தட்டில் முட்டை இருக்கட்டும். அதைப் பார்த்துக்கொண்டே இவன் பழத்தைச் சாப்பிட்டுப் பழகுவதும் ஒரு படிதான்.

வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.