எழுத வராத நாட்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டையொட்டி, உயர்தர வகுப்பு மாணவியருக்காக நடத்தப்பட்ட எழுத்துப் பட்டறையில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவினர் பலருக்குத் தொலைபேசி எடுத்தார்களாம். அநேகம் பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: "எழுத ஒண்டும் வருகுதில்லை." அதனால்தான் இந்தத் தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுத்தாளர் அல்ல, ஒரு வைத்தியர். ஆனால் எழுத வராமல் போவது என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கல்லூரியில் படித்த காலத்தில் தமிழ்த் தினப் போட்டி என்றால் கட்டுரைக்கு என் பெயரைத்தான் கொடுப்பார்கள். பிறகு மருத்துவ பீடம், பயிற்சிக் காலம், வாட்டு, கிளினிக். இருபது வருடங்களாக நான் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில், நோயாளர் குறிப்பேட்டில், சுருக்க எழுத்துகளில்தான். தமிழில் எழுதியது கடைக்குக் கொடுக்கும் சாமான் துண்டு மட்டும்.

சில வருடங்களுக்கு முன் அம்மா காலமானார். எங்கள் வழக்கப்படி முப்பத்தொராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். "நீதானே மூத்தவள், நல்லா எழுதுவாய், நீயே எழுது பிள்ளை" என்று பெரியப்பா சொன்னார். ஒவ்வொரு இரவும் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். "எங்கள் அம்மா" என்று எழுதுவேன், வெட்டுவேன். அச்சகத்துக்குக் கொடுக்கும் நாள் வந்தபோது தாளில் ஒரு வரிகூட இல்லை. கடைசியில் அச்சகத்திலேயே ஏற்கனவே இருந்த ஒரு நினைவுரையைப் போட்டோம். அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம் என்று எல்லாம் அதில் இருந்தன. பெயரை மாற்றினால் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். என் அம்மா மட்டும் அதில் இல்லை. அந்த மலரை இன்றுவரை என்னால் விரித்துப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றி யோசித்து வருகிறேன். 1940களில் எட்மண்ட் பேர்க்ளர் என்ற உளப்பகுப்பாய்வாளர் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் வைத்தார். என் அனுபவத்தில் இது ஒரு தனி நோயல்ல. காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோல இதற்கும் உண்டு. காரணத்தைக் கண்டால்தான் மருந்து சொல்லலாம்.

முதலாவது காரணம், கேள்வி பெரிதாக இருப்பது. கிளினிக்குக்கு வரும் ஒரு அம்மா, "உடம்பு முழுக்க நோகுது டொக்டர்" என்பார். அதை வைத்து எந்த வைத்தியராலும் ஒன்றும் செய்ய முடியாது. "முதல் எங்க நொந்தது? எப்ப தொடங்கினது? படி ஏறேக்க கூடுதா?" என்று சின்னச் சின்னதாகக் கேட்போம். பத்து நிமிடத்தில் ஒரு வரலாறு கிடைத்துவிடும். "எங்கள் அம்மா" என்பது உடம்பு முழுக்க நோகுது என்பதைப் போன்ற தலைப்பு. "எமது கல்லூரி" என்பதும் அப்படித்தான்.

ஆகவே என்னை நானே ஒரு நோயாளியைப் போல விசாரித்தேன். அம்மா வேலைக்குக் கொண்டுபோன பையில் என்ன இருந்தது? அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, திருநீற்றுப் பொட்டலம், ஊக்குக் கோத்த ஒரு வளையம். அந்த ஊக்கு எதற்கு? அங்கேதான் கதவு திறந்தது.

1996 ஜனவரி 31. கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த நாள். நான் பதினாறு வயதில் இந்தக் கல்லூரியில் வகுப்பில் இருந்தேன். அம்மா கொட்டாஞ்சேனையில் வேலையில் இருந்தார். பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ் இல்லை. அம்மா மருதானை, பொரளைப் பக்கமாகச் சுற்றி நடந்தே வந்தார். நாங்கள் நாலைந்து பேர் மட்டும் விறாந்தையில் மிச்சமாக இருந்தோம். படலைக்குள் வந்தவரின் இடது காற் செருப்பின் வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தது. ஒன்றுமே சொல்லவில்லை. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

இதை எழுத எனக்குப் பன்னிரண்டு வரிதான் தேவைப்பட்டது. நினைவு மலருக்கு அது பிந்திவிட்டது. ஆட்டைத் திவசத்துக்கு நான்கு பக்கம் எழுதி, போட்டோக் கொப்பி எடுத்து உறவினருக்குக் கொடுத்தேன். வெள்ளவத்தையில் இருக்கும் சித்தி அதை வாசித்துவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு உன்ர அம்மா போட்டுக்கொண்டு போனது என்ர செருப்பு, பிள்ளை. அவவுக்கு அளவு காணாது." இருபது வருடத்துக்கு மேல் எனக்குத் தெரியாத விடயம். ஒன்றை எழுதினால் அடுத்தது தானாக வந்து சேரும் என்பதை அன்று கண்டேன்.

இரண்டாவது காரணம், உள்ளே இருக்கும் திருத்துநர். எழுதும்போதே சிவப்புப் பேனையோடு ஒருவர் எங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். இது செந்தமிழா, சந்தி சரியா என்று கேட்கிறார். அவரைப் பிறகு வரச் சொல்லுங்கள். முதற்பிரதியைப் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். யாருக்கு எழுதுகிறோம் என்பதையும் மாற்றிப் பாருங்கள். "வாசகர்களுக்கு" என்று எழுதினால் கை நடுங்கும். ரொறன்ரோவில் இருக்கும் வகுப்புத் தோழிக்கு என்று எழுதினால் ஓடும். பிழைகளை மறுநாள் திருத்தலாம்.

மூன்றாவது, "எனக்கு நேரமில்லை, என் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது" என்பது. எங்கள் நாட்டு எழுத்தாளரையே பாருங்கள். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சிகை அலங்கரிப்பு நிலையத்தில் தொழில் செய்துகொண்டே கதை எழுதினார். 1966 ஆகஸ்டில் "மல்லிகை"யைத் தொடங்கி, பிற்காலத்தில் கொழும்பிலிருந்தும் அதை நடத்தினார். வைத்தியர் தி. ஞானசேகரன் மலையகத் தோட்டங்களில் கடமையாற்றியவர். அங்கே கண்டதிலிருந்துதான் "குருதிமலை" பிறந்தது. 2000ஆம் ஆண்டில் "ஞானம்" சஞ்சிகையையும் தொடங்கினார். "நந்தி" என்ற பேராசிரியர் சிவஞானசுந்தரம் சமுதாய மருத்துவம் படிப்பித்தவர். தோட்டத் தொழிலாளரைப் பற்றி "மலைக்கொழுந்து" நாவலை எழுதினார். இவர்கள் ஒருவரும் விடயம் தேடி வேறெங்கும் போகவில்லை. வேலை செய்த இடத்தில் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்தார்கள். நீங்களும் ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்ட ஒரு வசனம், கடற்கரைத் தண்டவாளத்தடியில் பார்த்த ஒரு முகம், ஜிந்துப்பிட்டியில் ஒரு கடைப்பலகை என்று ஒரு நாளைக்கு ஒன்று போதும். மாத முடிவில் முப்பது வித்துகள் இருக்கும்.

நான்காவது காரணம், எழுத வேண்டியது வலிப்பது. என்னுடையது அதுதான். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வு வெளிவந்தது. தங்களைப் பாதித்த சம்பவத்தை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாட்கள் எழுதும்படி மாணவர்களிடம் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்குக் கவலை கூடித்தான் இருந்தது. ஆனால், நடந்ததையும் அதைப் பற்றிய தங்கள் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நானும் பதினைந்து நிமிடம் என்றுதான் மணிக்கூட்டை வைத்தேன். அதற்கு மேல் எழுதவும் இல்லை, அதற்கு முன் எழும்பவும் இல்லை.

ஒரு வைத்தியராக இதையும் சொல்ல வேண்டும். எழுத்து மட்டுமல்ல, நித்திரையும் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் விருப்பமில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது எழுத்துத் தடையல்ல. மனச்சோர்வாக இருக்கலாம். வீட்டில் சொல்லுங்கள், வைத்தியரிடம் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தங்கைகளே, மலருக்கு இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. "எமது கல்லூரியின் பெருமை" என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அது போதிய அளவு வந்துவிட்டது. இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ ஒரேயொரு சின்னக் கேள்வி கேளுங்கள். "பள்ளிக்கூடத்துக்கு என்ன சாப்பாடு கொண்டு போனீங்கள்? மழைக்கு எங்க ஒதுங்கி நிண்டீங்கள்?" என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதுங்கள். நான் கேட்க நினைத்தபோது கேட்பதற்கு அம்மா இல்லை; நல்ல காலம், சித்தி இருந்தார். உங்களுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. நாளைக்கென்று தள்ளி வைக்காதீர்கள்.