பாடு அழிந்தால் பாட்டு ஏது?
(பழவேற்காட்டு மீனவூர்களில் இளையோர் இசைவிழா எடுப்பது பற்றிய உரை)



பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவரிடையே 'பாடு' என்றொரு சொல் வழங்குகின்றது. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை ஊர்களும் குடும்பங்களும் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஒழுங்குக்கு அதுவே பெயர். உழைத்து வருந்துவதும் தமிழில் பாடு. இசைக்கச் சொல்லும் ஏவலும் பாடு! உழைப்பும் பங்கீடும் இசையும் ஒரே ஒலியில் நிற்கும் மொழி இது. அக்கரையில் பன்னாட்டுக் கலைஞரை அழைத்து இளையோர் விழா எடுக்க விழைவோர் முதலில் இச்சொல்லைக் கற்றல் வேண்டும்.

அயலார் வரவு அக்கரைக்குப் புதிதன்று. 1613-இல் ஒல்லாந்தர் அங்குக் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டினர். துணி கொள்ள வந்தவர்கள், மாந்தரையும் அடிமைகளாக விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினர். அவர்தம் கல்லறைகள் இன்றும் உள. அன்று வந்தவர் கொள்ளவே வந்தனர். இனிப் பாட வருபவர் கேட்கவும் வருதல் வேண்டும்.

இத்தகைய விழாக்களுக்கு அண்மைச் சான்றுகள் இரண்டு உண்டு. 2011 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் பன்னாட்டு இசைவிழா நடந்தது. முள்ளிவாய்க்கால் கொடுமை முடிந்து ஈராண்டும் நிறையாத காலம் அது! ஈழக் கூத்தர்க்கு அயல்நாட்டு இசைக்குழுக்களுடன் ஒரு களம் கிடைத்தது நன்றே. ஆயினும், காணாமற் போன மகனைத் தேடும் தாய்க்குப் பாட்டு விடையாகுமா? புண்ணை மூடும் பட்டாக விழா ஆகிவிடக் கூடாது என்பதே அங்குக் கிடைத்த படிப்பினை.

மற்றொன்று, சென்னை ஊரூர் ஆல்காட்டுக் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா. டி.எம்.கிருட்டிணா உள்ளிட்டோர் முன்னின்று நடத்திய அவ்விழாவில், அரங்குகளுக்குள் அடைபட்டிருந்த கருநாடக இசை மீனவர் குடியிருப்புக்கு வந்தது. மக்கட் கலைகளும் அதனோடு நிகராக நின்றன. 1943-இல் தோன்றிய தமிழிசைச் சங்கம், அரங்கில் தமிழ் ஏற வேண்டும் என்றது. தமிழ் ஏறினால் மட்டும் போதாது, தமிழர் எல்லாரும் ஏற வேண்டும் என்பதைக் குப்பம் உணர்த்தியது. 2017-இல் அவரே எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைச் சென்னைத் தெருத்தமிழில் பாடினார். நிலத்தின் துயரைச் சொல்லாத இசை வெறும் ஒலியே என்பதற்கு அப்பாடல் சான்று.

இது புதுக் கருத்தன்று. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் வைத்தார் தொல்காப்பியர். நெய்தலுக்கு விளரியாழும் மீன்கோட்பறையும் உரியன என்றனர் பின்வந்தோர். மண் வேறு, இசை வேறு என்று தமிழன் பிரித்ததே இல்லை!

இன்று அம்மண்ணுக்கே இடர் வந்துள்ளது. எண்ணூரிலிருந்து ஆலைகளும் துறைமுகங்களும் வடக்கே நெருங்கிவிட்டன. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை மீனவர் எதிர்த்து வந்துள்ளனர். ஏரியின் கழிமுகம் மணலால் தூர்ந்தால் இறால் குன்றும். இறால் குன்றினால் பாடு அழியும். கொண்டல் என்றும் கச்சான் என்றும் காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவன் மகன், கூலிவேலைக்கு நகரம் போவான். சொல் அகரமுதலியில் எஞ்சும். அதைச் சொல்லும் வாய் எஞ்சாது!

எனவே, விழா எடுப்போர்க்குச் சில வேண்டுகோள்கள். வலையிழுப்போரின் அம்பாப் பாட்டே முதற்பாட்டாக ஒலிக்கட்டும். அயற்கலைஞர் அமர்ந்து கேட்கட்டும். பாடு முறைக்குள் இடம்பெறாத இருளர்க்கும் மேடையில் பங்கு இருக்கட்டும். அறிவிப்பும் அழைப்பும் நல்ல தமிழில் அமையட்டும். பூநாரைகள் வந்து தங்கும் ஏரியில் ஒலிபெருக்கியின் கூச்சல் அடங்கட்டும். விழா முடிந்ததும் இளைஞர் கலைந்துவிடாமல், முதியோர் வாயிலுள்ள பாட்டுகளையும் வலைப்பெயர்களையும் மீன்பெயர்களையும் எழுதி வைக்கட்டும். ஏரியைக் காக்க நிற்கும் மீனவரோடு தோள் சேரட்டும்.

ஏரி வாழ்ந்தால் பாடு வாழும். பாடு வாழ்ந்தால் பாட்டு வாழும். பாட்டு வாழும் வரை தமிழ் வாழும்!